பத்துக் குஞ்சும் பழைய வலையும்

அந்தப் பத்துக் கோழிக்குஞ்சுகளும் படகில்தான் வந்தன.

படகில் வராமல் வேறு எதில் வரும்? பழவேற்காட்டு ஏரித் திட்டில் இருந்த அந்தக் குப்பத்துக்கு அப்போது ரோடு கிடையாது. அரிசி படகில் வரும். மண்ணெண்ணெய் படகில் வரும். கல்யாணப் பெண்ணும் படகில்தான் வருவாள். ஆனால் கோழிக்குஞ்சுகள் வந்தது அதுதான் முதல் தடவை. அதனால் பள்ளிக்கூடமே கரைக்கு ஓடியது. பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கீற்றுக் கொட்டகை, முப்பத்திரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான்.

குஞ்சுக் கூடையோடு இறங்கியவர் கிராம சேவிகா லட்சுமியம்மாள். பிளாக் ஆபீஸில் வேலை. ஊர் ஊராகப் போய், பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தால் உடம்பு தேறும் என்று சொல்லித் தருவார். சொந்த ஊர் திருப்பாச்சூர். சுற்றிலும் நெல் விளைகிற ஊர். அவர் ஒரு கையில் கூடையைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் புடவை முந்தானையை மூக்கின்மேல் பிடித்திருந்தார்.

'பாவம், ஜலதோஷம் போல' என்று நினைத்தாள் கன்னியம்மா. அவளுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு.

"இதெல்லாம் வெள்ளை லெகார்ன் குஞ்சுங்க" என்றார் லட்சுமியம்மாள். "சர்க்கார் பண்ணையில மெஷின்ல பொரிச்சது. பொறந்து பதினஞ்சு நாள் ஆகுது. யாரு வீட்டுல வெச்சு வளர்க்கறீங்க?"

முப்பத்திரண்டு பிள்ளைகளும் கை தூக்கினார்கள். சில பேர் இரண்டு கைகளையும் தூக்கினார்கள்.

"அடேங்கப்பா! ஏதாவது கேக்கணும்னா கேளுங்க."

"இத்த எப்போ துன்னலாம்?" என்று கேட்டான் குப்பன். அவன் கன்னியம்மாவின் தம்பி. வயது ஐந்து. பள்ளிக்கூடத்தில் இன்னும் பெயர்கூடச் சேர்க்கவில்லை. ஆனால் கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே அவன் இருப்பான்.

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. கூடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுங்களோட அம்மா எங்கம்மா கீது?" என்று கேட்டாள்.

"மெஷின்ல பொரிச்சதுக்கு ஏது அம்மா?"

"அப்போ பருந்து வந்தா இதுங்க யாராண்ட ஓடும்?"

லட்சுமியம்மாள் முந்தானையை எடுக்காமலே அவள் பக்கம் குனிந்தார். "உன் பேரு என்ன?" என்று கேட்டார். கூடை கன்னியம்மாவின் கைக்கு வந்துவிட்டது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. நான் எதையும் மறைக்கப் போறதில்ல. 'மீன் பிடிக்கிற ஊருக்குக் கோழி எதுக்கு? அவங்களுக்கு வளர்க்கத் தெரியாது'ன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நான் மல்லுக்கட்டி வாங்கிட்டு வந்திருக்கேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்து எண்ணுவேன். பத்துல எட்டாவது இருக்கணும். இருந்தா இன்னும் ஆறு வீட்டுக்குக் குஞ்சு வரும். எட்டுக்குக் குறைஞ்சா இந்த ஊருக்கு இனிமே கிடையாது."

அங்கேயே சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். ஆறு பேருடைய பெயர்கள் வந்தன. முதல் பெயர் கோவிந்தம்மா. அவள் கன்னியம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி, ஒரே பெஞ்சுக்காரி, ஒரே பலப்பத்தை இரண்டாக உடைத்து எழுதுகிறவள்.

"ஏய், ஒயுங்கா பாத்துக்கடி" என்று கன்னியம்மாவின் காதில் சொன்னாள் கோவிந்தம்மா. "உன் கையில தான் என் கோழியும் கீது."

* * *

கன்னியம்மாவின் அப்பா நாகமுத்து, கோழிகளுக்கு அடைப்பு கட்டுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். யாரையும் கிட்டே விடவில்லை.

அந்த வருஷம்தான் அவர் நைலான் வலை வாங்கியிருந்தார். அதனால் பழைய நூல் வலை பரணில் சும்மா கிடந்தது. கடைசி நாள் மடவை மீன் பிடித்துவிட்டு, அப்படியே சுருட்டிப் போட்டது. அதைக் கீழே இழுத்தார். வீட்டுக்குப் பின்னால், தாழம்புதருக்கு இந்தப் பக்கம், மணலில் ஆறு சவுக்குக் கம்புகளை நட்டார். சுற்றிலும் வலையைக் கட்டினார். மேலேயும் வலையை விரித்தார்.

நாகமுத்துவுக்கு வலை என்றால் ஒரு முறை உண்டு. மேலே மிதப்புக்கட்டை இருக்க வேண்டும். கீழே ஈயக்குண்டு இருக்க வேண்டும். இங்கேயும் அதே மாதிரிதான் தொங்கவிட்டார். குண்டுகள் மணலில் வரிசையாக உட்கார்ந்தன. கட்டைகள் காற்றில் 'டொக் டொக்' என்று இடித்துக்கொண்டன.

"நைனா, கோழிக்கு மிதப்பு எதுக்கு?" என்று கேட்டாள் கன்னியம்மா.

நாகமுத்து யோசித்தார். "வெள்ளம் வந்தா?" என்றார்.

"வெள்ளம் வந்தா வலை மிதக்கும். கோழி?"

"போம்மே, வேலையப் பாரு! பருந்து இல்ல, பருந்தோட பாட்டன் வந்தாலும் இந்த வலைக்குள்ள பூர முடியாது."

அது உண்மைதான். மறுநாள் ஒரு பருந்து மேலே இரண்டு வட்டம் போட்டது. வலையைப் பார்த்தது. மூன்றாவது வட்டம் போடாமல் காட்டுப்பள்ளிப் பக்கம் போய்விட்டது. நாகமுத்து அன்றைக்கு நாஷ்டாவுக்கு இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டார்.

குஞ்சு வளர்ப்பது சின்ன வேலை இல்லை என்பது கன்னியம்மாவுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. தண்ணீர் வைத்தால் அதிலேயே ஏறி நிற்கும். நனைந்தால் நடுங்கும். அதனால் தேங்காய்த் தொட்டியில் கூழாங்கற்களைப் போட்டு, கற்களுக்கு நடுவில் அலகு மட்டும் நுழைகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றினாள். தரையில் நெல் உமி போடச் சொல்லியிருந்தார் லட்சுமியம்மாள். குப்பத்தில் உமிக்கு எங்கே போவது? சவுக்குத் தோப்பில் உதிர்ந்து கிடந்த சருகை அள்ளி வந்து காய வைத்துப் பரப்பினாள். ஈரமானால் உடனே மாற்றினாள்.

தீனிக்கு அரிசி நொய். கூடவே, உப்புப் போடாமல் காய வைத்த சென்னாக்குன்னிப் பொடி இறாலை இடித்த தூள் ஒரு பிடி.

"கருவாடு போட வேணாம்மா" என்று அம்மா எல்லம்மாவிடம் சொல்லி வைத்தாள். "அதுல உப்பு கீது. உப்பு துன்னா குஞ்சு செத்துப்பூடுமாம்."

"உனுக்கு இம்மா அக்கறை படிப்புல இருந்தா கலெக்டர் ஆயிருப்ப" என்றாள் எல்லம்மா.

பகலில் குஞ்சுகள் அடைப்புக்குள் இருந்தன. பொழுது சாய்ந்ததும் கூடைக்குள் ஏற்றி வீட்டுக்குள் கொண்டு போய்விடுவாள். குளிர் அடித்தால் கூடைக்குப் பக்கத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு.

குப்பன் பத்துக் குஞ்சுகளுக்கும் பெயர் வைத்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: ராணி.

"அது எப்பிட்றா, பத்தும் ராணி?"

"கூப்டா பத்தும் வருது இல்ல?"

அவன் 'ராணி' என்று கூப்பிட்டான். பத்தும் ஓடி வந்தன.

அடைப்புக்கு வெளியே இன்னொரு ஆள் தினமும் வந்து உட்கார்ந்தது. அது கோவிந்தம்மாவின் பூனை. பெயர் துரை. கால் கைகளை நக்கி நக்கிச் சுத்தமாக வைத்துக்கொண்டு, ஆபீசர் மாதிரி நிமிர்ந்து உட்காரும். அதனால் அந்தப் பெயர். வலை கட்டிய நாளிலிருந்து துரைக்கு வேறு எந்த இடமும் பிடிக்கவில்லை.

* * *

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கன்னியம்மா எண்ணினாள். ஒன்பதுதான் இருந்தது.

திரும்ப எண்ணினாள். வலை எங்கேயும் அறுபடவில்லை. ரத்தம் இல்லை. ஒரே ஒரு வெள்ளைச் சிறகு மட்டும் மணலில் கிடந்தது.

கன்னியம்மா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா இல்லாத குஞ்சு. யாரிடமும் ஓட முடியாமல் போய்விட்டது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை லட்சுமியம்மாள் வந்தார். கோழிக் கழிச்சல் வராமல் இருக்க ஒவ்வொரு குஞ்சின் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார்.

"ஒண்ணு காணோம்மா" என்றாள் கன்னியம்மா.

"ஒண்ணுதானே, பரவாயில்ல. ஆனா இனிமே கவனம்" என்றார் லட்சுமியம்மாள். வலைக்குப் பக்கத்தில் வந்ததும் முந்தானையை இரண்டாக மடித்து மூக்கை மூடிக்கொண்டார்.

"ஜலதோஷம் இன்னும் போவலியாம்மா?"

"ஜலதோஷமா? எனக்கா?" லட்சுமியம்மாள் தடுமாறினார். "அது... ஆமா. லேசா இருக்கு."

எல்லம்மாவுக்கு அது போதும். உள்ளே போய் மிளகுக் கஷாயம் வைத்துச் சொம்பு நிறையக் கொண்டு வந்தாள். "ஒரே மூச்சுல குடிங்கம்மா" என்று நின்றாள். லட்சுமியம்மாள் அந்தச் சொம்பையும் எல்லம்மாவையும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

அடுத்த புதன்கிழமை இன்னொரு குஞ்சு காணாமல் போனது.

இப்போது எட்டு. இனி ஒன்றுகூடப் போகக் கூடாது.

விஷயம் தெரிந்து சீட்டில் பெயர் வந்த பிள்ளைகள் எல்லோரும் ஓடி வந்தார்கள். அவர்கள் வந்தபோது துரை வலை ஓரத்தில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பாரு, துன்னுட்டு வாயத் தொடச்சிக்கினு கீது!" என்று ஒருவன் கத்தினான்.

"இத்த மொதல்லியே தொரத்தி இருக்கணும்" என்றாள் இன்னொருத்தி.

நாகமுத்து வந்து பார்த்தார். தன் வலையைத் தடவிப் பார்த்தார். ஒரு கண்ணிகூட அறுபடவில்லை. "வலையில குத்தம் இல்ல" என்றார். "பூனைதான். எப்படியோ கைய உட்டு இழுத்துருக்கு. நாளைக்கு சாக்குல போட்டு எடுத்துப்போய் அக்கரையில உட்டுடறேன்."

எல்லோரும் கோவிந்தம்மாவைப் பார்த்தார்கள். அவள் துரையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் வேண்டாம் என்று சொன்னால் மற்ற ஐந்து பேரின் கோழியும் போய்விடும். அவள் அழுதாள். ஆனால், "சரி மாமா" என்றாள்.

கன்னியம்மாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. குஞ்சைக் காப்பாற்ற முடியாதவள் அவள். தண்டனை மட்டும் கோவிந்தம்மாவுக்கா?

"நைனா, துரை குஞ்சப் புடிச்சத நீ பாத்தியா?"

"பாக்கணுமா? தெனமும் இங்கதான குந்திக்கினு கீது?"

"குப்பன் கூடத்தான் தெனமும் இங்க குந்திக்கினு கீறான். அவன் துன்னானா?"

குப்பன் அவசரமாகத் தன் வாயைத் திறந்து எல்லோருக்கும் காட்டினான்.

"நாளைக்கு எங்களுக்கு லீவு" என்றாள் கன்னியம்மா. "சாயங்காலம் வரிக்கும் டைம் குடு நைனா. நான் இங்கியே இருந்து பாக்கறேன்."

நாகமுத்து மீசையைத் தடவினார். "சரி. அதுக்குள்ள இன்னொண்ணு போச்சுன்னா என்னைக் கேக்காத."

* * *

மறுநாள் காலையில் கன்னியம்மா முதலில் ஒரு தென்னை மட்டையை எடுத்தாள். அடைப்பைச் சுற்றி மணலை இழுத்து இழுத்துச் சமமாக்கினாள். வழுவழுவென்று ஆக்கிவிட்டு, கோவிந்தம்மாவோடு கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கையில் ஓர் அலுமினியத் தட்டும் கரண்டியும்.

முதலில் வந்தது துரைதான். சமமாக்கிய மணலில் பூப்போட்ட மாதிரி காலடி பதித்துக்கொண்டு வந்தது. வலைக்கு நேராகப் போனது.

கோவிந்தம்மா கன்னியம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

துரை வலையை நக்கியது. ஒரு கண்ணியை நக்கி முடித்துவிட்டு அடுத்த கண்ணியை நக்கியது. உள்ளே எட்டுக் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குஞ்சு வலை வழியாக அதன் மூக்கில் ஒரு கொத்துக் கொத்தியது. துரை தலையைச் சிலுப்பிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் அங்கே நக்க ஆரம்பித்தது.

"இது இன்னாடி, வலையத் துன்னுது?" என்றாள் கோவிந்தம்மா.

இரண்டு பேரும் எழுந்து போய் வலையை முகர்ந்து பார்த்தார்கள்.

"ஒண்ணும் வாசனை இல்லியே."

"ஆமா, சும்மா வலை வாசனைதான்."

கன்னியம்மா மூக்கை வலையிலிருந்து எடுத்தாள். வலை வாசனை. வலை வாசனை என்றால் என்ன வாசனை? அவளுக்கு லட்சுமியம்மாள் ஞாபகம் வந்தது. கரையில் இறங்கும்போது முந்தானையில் ஒரு மடிப்பு. வலைக்குப் பக்கத்தில் இரண்டு மடிப்பு.

"ஏய்! அந்தம்மாவுக்கு ஜலதோஷமே இல்லடி!"

"அப்பறம்?"

"இந்த வலையில மீன் நாத்தம் அடிக்குது! நம்ம ஊரு மூக்குக்குத்தான் தெரியல. பொறந்ததுலேந்து இதே வாசனைதான. அவங்களுக்குத் தெரியுது, துரைக்குத் தெரியுது..."

அவள் பேசி முடிக்கவில்லை. துரை திடீரென்று வாலைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு, ஒரே பாய்ச்சலில் படகின்மேல் ஏறியது. அவர்களும் குனிந்து படகுக்குப் பின்னால் ஓடினார்கள்.

தாழம்புதருக்குள்ளிருந்து ஒரு கீரி வெளியே வந்தது. மூக்கை மேலே தூக்கி, காற்றை முகர்ந்தது. நேராக வலைக்கு வந்தது. அதுவும் முதலில் வலையைத்தான் மோந்தது. அப்புறம் உள்ளே இருந்த குஞ்சுகளைப் பார்த்தது. முன்கால்களால் ஈயக்குண்டுகளுக்கு அடியில் மணலைப் பறபறவென்று தோண்டியது. தளர்ந்த மணல். ஒரு நிமிஷத்தில் அதன் தலை வலைக்கு அடியில் போய்விட்டது.

"ஏய்ய்ய்!"

கன்னியம்மா தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு ஓடினாள். கோவிந்தம்மா போட்ட கூச்சல் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். கீரி தலையை இழுத்துக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தின.

கன்னியம்மா ஒவ்வொன்றாக எண்ணினாள். எட்டு.

கோவிந்தம்மா படகின்மேல் இருந்த துரையை இறக்கி முத்தம் கொடுத்தாள். துரைக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

* * *

நாகமுத்துவைக் கூப்பிட்டு வந்து மணலைக் காட்டினார்கள்.

"இத்தப் பாரு நைனா. இது துரை கால். ரவுண்டா கீது, நகமே தெரியல. இது கீரி கால். ஒவ்வொரு வெரலுக்கும் முன்னால நகம் கீறி இருக்குது. இதோ தோண்டன பள்ளம். உள்ள போய் எடுத்துக்கினு வந்த பின்னால மணலு தானே மூடிக்கும். அதான் நம்ம கண்ணுக்குத் தெரியல."

நாகமுத்து குனிந்து பார்த்தார். பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"அப்பறம் நைனா, கோச்சுக்காத. வலை நாறுது. அத்த மோந்துக்கினுதான் கீரி வந்துச்சு."

"இன்னாது? என் வலை நாறுதா?"

அவர் வலையைப் பிடித்து ஆழமாக மூச்சை இழுத்தார். "எங்க நாறுது? நல்லாத்தான கீது!"

எல்லம்மா சிரித்துவிட்டாள். "உன் மூக்குல வெச்சா உன் வலை மல்லிப்பூதான்" என்றாள். "நூல் வலைய மாசத்துக்கு ஒரு தபா ஆவாரம்பட்டை போட்டுக் கொதிக்க வெப்போமே, நெனப்பு கீதா? நைலான் வந்ததுலேந்து அந்தச் சட்டியே கவுந்து கெடக்குது. கடைசியா மடவை புடிச்ச வலைய அப்பிடியே கொண்டாந்து கட்டிட்ட."

நாகமுத்துவுக்கு அது ஞாபகம் இருந்தது. மீசையைத் தடவுவதை நிறுத்திக்கொண்டார்.

"நாத்தம் போனாலும் கீரிக்கு வழி தெரிஞ்சு போச்சே" என்றார். "தோண்டுமே?"

கன்னியம்மா அதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். "ஏரியில வலை போடும்போது, நண்டு கீழ நோண்டிக்கினு போவுமே. அப்போ நீ இன்னா பண்ணுவ?"

"வலையோட அடிய வெளிப்பக்கமா அகலமா படுக்கப் போட்டு, மேல கால வெச்சு மிதிச்சுக்குவேன். நண்டு எங்க நோண்டினாலும் வலைதான் தட்டும்."

"இங்கியும் அப்பிடியே படுக்கப் போடலாம் நைனா. ஒரு மொழம் வெளிய தள்ளி. கீரியும் வலை ஓரத்துலதான தோண்டுது?"

"நல்லா கீதும்மே! நாள் பூரா யாரு மிதிச்சுக்கினு நிக்கிறது?"

"நம்ம ஊருல சிப்பிக்கா பஞ்சம்?"

நாகமுத்து மகளைப் பார்த்தார். பிறகு இரண்டே எட்டில் போய் வலையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அன்றைக்குக் கவிழ்ந்து கிடந்த பெரிய சட்டி நிமிர்ந்தது. ஆவாரம்பட்டைத் தண்ணீர் கொதித்தது. வலை அதில் ஊறி, செக்கச் செவேல் என்று வெளியே வந்தது. வெயிலில் காயப் போட்டார்கள். குஞ்சுகள் அதுவரை கூடைக்குள் இருந்தன. குப்பன் காவல்.

சீட்டில் பெயர் வந்த ஆறு பேரும் கூடைகளில் சிப்பி அள்ளி வந்தார்கள். முதலில் வலையைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மணலை எடுத்தார்கள். வலையின் அடியை வெளிப்பக்கமாக ஒரு முழத்துக்குப் படுக்க வைத்தார்கள். அதன்மேல் சிப்பி. அதன்மேல் மணல். கடைசியில் தாழம்புதர்ப் பக்கம் மட்டும் வேலிகாத்தான் முள்ளை வெட்டி வந்து போட்டார்கள். அந்த வேலை முடிந்தபோது எல்லோர் கையிலும் ஒரு முள் கீறலாவது இருந்தது.

"மிதப்புக் கட்டைய எடுத்துடலாமா நைனா?"

"அது கெடக்கட்டும்" என்றார் நாகமுத்து. கொஞ்சமாவது மானம் மிஞ்ச வேண்டாமா?

துரை வந்தது. வழக்கமான இடத்துக்குப் போய் ஒரு நக்கு நக்கியது. பட்டைத் துவர்ப்பு நாக்கில் பட்டதும் முகத்தை அஷ்டகோணலாக்கியது. எல்லோரையும் ஒரு தடவை முறைத்துவிட்டுத் திரும்பி நடந்தது. நாகமுத்து பின்னாலேயே போய், நல்ல மடவையாக ஒன்றைப் பார்த்து அதன் முன்னால் வைத்தார்.

"துன்னுப்பா தொரை. நான் சொன்னத மனசுல வெச்சுக்காத" என்றார்.

மறுநாள் காலையில் குஞ்சுகளை அடைப்பில் விட்டுவிட்டுக் கன்னியம்மா பள்ளிக்கூடம் போனாள். பாடம் மனதில் ஏறவில்லை. மணி அடித்ததும் ஓடி வந்தாள். வலையைச் சுற்றி நான்கு இடத்தில் கீரி தோண்டியிருந்தது. நான்கு இடத்திலும் சிப்பி வெளியே தெரிந்தது. உள்ளே எட்டுக் குஞ்சுகளும் ஒன்றும் நடக்காததுபோல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன.

அதற்கு மறுநாள் இரண்டு இடத்தில் தோண்டியிருந்தது. அப்புறம் மணலில் கீரிக் காலடியே இல்லை.

* * *

இரண்டு மாதம் முடிந்த அன்று லட்சுமியம்மாள் வந்தார். படகிலிருந்து இறங்கும்போது முந்தானை வழக்கம்போல மூக்கின்மேல் இருந்தது. ஊரே பின்னால் வந்தது.

குஞ்சுகள் இப்போது குஞ்சுகள் இல்லை. இறக்கை முளைத்து, கால் நீண்டு, தலையில் சிவப்பாகக் கொண்டை எட்டிப் பார்க்கும் கோழிகள். லட்சுமியம்மாள் எண்ணினார்.

"ஏழு."

கோவிந்தம்மா கன்னியம்மாவைப் பார்த்தாள். கன்னியம்மா வலையோரம் குனிந்தாள். காலையில் எட்டு இருந்ததே! அவளே எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள். ஏழுதான்.

"கொஞ்சம் இருங்கம்மா..." என்றாள். தோண்டிய பள்ளம் ஏதாவது இருக்கிறதா என்று வலையைச் சுற்றி ஓடினாள். எதுவும் இல்லை.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து குப்பன் வந்தான். இரண்டு கையாலும் ஒரு கோழியைக் கட்டிப் பிடித்திருந்தான். கோழியின் முகமெல்லாம் பவுடர். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"டேய்!" என்று கத்தினாள் கன்னியம்மா.

"அந்தம்மா வர்றாங்க இல்ல? அதுக்குத்தான் ராணியக் கெளப்பிக்கினு இருந்தேன்" என்றான் குப்பன். "மீதி ராணிங்களுக்கு நேரம் இல்ல."

லட்சுமியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எட்டு!" என்றார். "எட்டு, எட்டு! ஆபீஸ்ல போய்ச் சொல்றேன். அடுத்த வாரம் ஆறு கூடையும் வரும்."

கோவிந்தம்மா துரையைத் தூக்கித் தலைக்கு மேலே சுற்றினாள். மற்ற ஐந்து பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டார்கள்.

கன்னியம்மா மட்டும் லட்சுமியம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிக்கும்போது நழுவிய முந்தானை இன்னும் தோளில்தான் இருந்தது. அவர் வலைக்குப் பக்கத்தில் நின்று, நன்றாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"ஜலதோஷம் போய்டிச்சாம்மா?" என்று கேட்டாள்.

லட்சுமியம்மாள் வலையைப் பார்த்தார். கன்னியம்மாவைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"இந்த இடத்துல மட்டும் போயிடுச்சு" என்றார். பிறகு அவசரமாக, "கஷாயம் வேண்டாம்!" என்றார்.

அடுத்த வாரம் கூடைகள் வருவதற்கு முந்தின நாள், கரையில் ஆறு அடுப்புகள் எரிந்தன. ஆறு சட்டிகளில் ஆறு பழைய வலைகள் கொதித்தன. நாகமுத்து ஒவ்வொரு சட்டியாகப் போய், "அடிய படுக்கப் போடணும், தெரியுமா? நண்டுக்குப் போடற மாதிரி" என்று தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னியம்மா சிரித்துக்கொண்டே அடுப்பில் சவுக்கு விறகைத் தள்ளினாள்.

துரையும் வந்தது. ஆறு சட்டிகளையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. ஊரே கெட்டுப் போய்விட்டது என்பதுபோல ஒரு பார்வை பார்த்தது. பிறகு எல்லம்மா மீன் அரிந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய், வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அங்கேயாவது வாசனை ஒழுங்காக இருந்தது.